சுவரைப் பார்த்து நின்றவர்

அவர் இசைத்தட்டுகளைக் கட்டுத்துணியால் துடைப்பார். இராஜபாளையத்தில் அவருடைய மைத்துனருக்கு மருத்துவக் கட்டுத்துணிக் கிடங்கு ஒன்று இருந்தது. கீழே வெளுத்த துணிச் சுருள்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். மேலே, மரப்பலகை பாவிய மாடியில், ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு அவர் தம் இசைத்தட்டு இயந்திரத்தைத் திறப்பார். பதினைந்து, இருபது பேர் வருவார்கள். ஆறரைக்கு மூடிவிடுவார். இடையில் எத்தனை பேர் ஆடினார்கள், எத்தனை பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதில் அவர் அக்கறை காட்டியதில்லை. தூசி படியாமல் தட்டு சுற்ற வேண்டும். அது ஒன்றே அவருடைய பொறுப்பு என்பதுபோல நடந்துகொள்வார்.

முப்பது ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் எலெக்ட்ரீசியனாக இருந்தவர். துறைமுகங்களில் மற்றவர்கள் கைக்கடிகாரமும் அத்தரும் வாங்கியபோது அவர் பழைய இசைத்தட்டுகளை வாங்கினார். எல்லாம் சிறிய தட்டுகள். பக்கத்துக்கு ஒரு பாட்டு. மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் பாடிய சோல் இசை. அது என்ன என்று ஊரில் யார் கேட்டாலும் ஒரே விடை வைத்திருந்தார்: “மாதாகோயில்ல பாடிக்கிட்டிருந்த ஆளுக வெளிய வந்து அதே குரல்ல காதலப் பாடுனா எப்பிடி இருக்கும்? அம்புட்டுத்தான்.” நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். இறைவனுக்குப் பாடுவதும் காதலுக்குப் பாடுவதும் ஒரே குரலில் நிகழும் என்பதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவர் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. என் மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த மாடியில் ஆட அவள் விரும்பினாள். முறையாகக் கற்றுக்கொண்டு ஆடலாம் என்று நான் சொன்னேன். கற்றுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னார். இருவரும் எங்கள் கருத்தில் உறுதியாக இருந்தோம். அவளுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் அவளைப் பற்றியும் எழுத வேண்டியிருப்பது இதனால்தான்.

புதிதாக வருபவர்களுக்கு அவர் ஓர் அடியைக்கூடக் காட்டிக்கொடுத்ததில்லை. ஆனால் அவர்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். புதியவர் ஒருவர் முதன்முதலாகப் பெஞ்சிலிருந்து எழுந்து தளத்தில் இறங்கினால், அவர் ஊசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். மூன்று பாட்டு முடியும்வரை அப்படியே நிற்பார். அடுத்த தட்டை வைப்பதற்குக்கூடப் பக்கவாட்டில் கையை நீட்டுவாரே தவிர முகத்தைத் திருப்பமாட்டார். பழையவர்களும் இதைப் பழகியிருந்தார்கள். சிலர் ஜன்னலுக்குப் போவார்கள். சிலர் தண்ணீர்ப் பானையைச் சுற்றி நிற்பார்கள். புதியவர் ஆடும்போது அந்த மாடியில் முதுகுகள் மட்டுமே தெரியும். மூன்றாம் பாட்டு முடிந்ததும் அவர் திரும்பி, “தண்ணி குடிங்க” என்பார். நன்றாக ஆடினாய் என்றோ, தோளைத் தளர்த்து என்றோ ஒரு சொல் வராது.

வத்திராயிருப்பிலிருந்து வரும் மில் மேஸ்திரி ஒருவர் இதைப் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டார்.

“அண்ணாச்சி, ஒரே ஒரு ஸ்டெப்பு காட்டுங்க. அதப் பிடிச்சுக்கிட்டு ஓடிருவேன்.”

“கப்பல்ல நான் வேலை சொல்லிக்குடுத்திருக்கேன்டே. அதுல தப்பு பண்ணா ஆளு செத்துருவான். இதுல தப்பு பண்ணா என்ன ஆகும்?”

“நாலு பேரு சிரிப்பாவ.”

“அதுக்குத்தான திரும்பி நிக்கேன்.”

அவருக்கே ஆடத் தெரியாது, அதனால்தான் சொல்லிக்கொடுக்க மறுக்கிறார் என்று கீழே டீக்கடையில் ஒரு பேச்சு இருந்தது. அது அவர் காதுக்கும் போயிற்று. “தெரியாதுன்னே வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டின் உறையைப் பிரித்தார்.

எங்கள் பக்கத்தில் ‘ரிக்கார்டு டான்ஸ்’ என்றால் கோயில் கொடைவிழா மேடைகளில் நடக்கும் வேறொரு சமாச்சாரம். குடும்பத்தோடு பார்க்கத் தகாதது. தெருவில் யாரோ அப்படிப் புகார் சொல்லி, ஒரு ஞாயிறு ஐந்து மணிக்குக் காவலர் ஒருவர் மாடியேறி வந்தார். அப்போது தளத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரும், அரிசிக் கடைக்காரர் ஒருவரும். காவலர் இருவரையும் பார்த்தார்.

“ரிக்கார்டு டான்ஸ் நடக்குன்னு சொன்னாங்க.”

“ஆமா சார். ரிக்கார்டு இது. டான்ஸு அவிய” என்று இவர் தலைமையாசிரியையைக் காட்டினார்.

காவலர் பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பாட்டுக் கேட்டார். பிறகு எழுந்தார். அவர் எழுந்த கணத்தில் இவர் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். காவலர் எழுந்தது வெளியே போவதற்காக. “சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வைங்க” என்று இவருடைய முதுகிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அன்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம். என் மனைவி மிக அதிகமாகச் சிரித்தாள்.

அவளால்தான் நாங்கள் அங்கே போனோம். மார்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து, புண்ணுக்குக் கட்டுத்துணி வாங்க நான் மருந்துக்கடைக்குப் போவது வழக்கமாகியிருந்த காலம். ஒருநாள் அவளும் உடன் வந்தாள். துணிக்கட்டுகளின் மேல் கையால் எழுதிய அறிவிப்பு ஒன்று குத்தியிருந்தது: இராஜபாளையம் கிடங்கு மாடி, ஞாயிறு நான்கு மணி, சோல் இசை, ஆடலாம், உட்கார்ந்தும் கேட்கலாம். “உக்காந்தும் கேக்கலாமாம்” என்று அவள் அதை இரண்டாம் முறை படித்தாள். மூன்று வாரம் கழித்து, கையை அசைக்கச் சொல்லி மருத்துவர் வற்புறுத்தியபோது, அந்த அறிவிப்பை அவள்தான் நினைவூட்டினாள்.

முதல் ஞாயிறே அவள் பாதம் பெஞ்சுக்கடியில் நிற்கவில்லை. “ஏங்க, எறங்கட்டுமா?” என்று கேட்டாள். நான் இயற்பியல் பேராசிரியனாக இருந்தவன். ஆய்வகத்துக்குள் கருவியைத் தொடுவதற்கு முன் செய்முறையைப் படித்திருக்க வேண்டும் என்பதை முப்பத்திரண்டு ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறேன். “கற்றுக்கொண்டு இறங்கலாம்” என்றேன். அது முழு உண்மையன்று. அவளுடைய இடக்கை தோளுக்கு மேல் எழாது. அதை அந்நியர் யாரும் பார்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். அவர்கள் திரும்பி நிற்பார்கள் என்று பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நான் அதை நம்பவில்லை. அவளுக்கும் அதே எண்ணம் இருந்ததா என்பதை நான் கேட்கவும் இல்லை.

அடுத்த மாதமே எனக்குச் சாதகமாக ஒரு சம்பவம் நிகழ்ந்தது. பலகையில் பாதம் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக அவர் கேரம் பலகைக்குப் போடும் பவுடரைத் தூவுவார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அன்று முதன்முதலாக இறங்கினார். எல்லாரும் திரும்பி நின்றிருந்தோம். விழுந்த சத்தம் கேட்டுத்தான் பார்த்தோம். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு நான் படிக்கட்டில் நின்று சொன்னேன்:

“எடையை எந்தக் காலில் வைக்க வேண்டும் என்று ஒரே ஒரு நாள் சொல்லிக்கொடுத்திருந்தால் இது நடந்திராது.”

“பவுடர் கூடிப்போச்சு சார். என் தப்பு.”

“நீங்கள் திரும்பி நிற்காமல் இருந்திருந்தால் பிடித்திருக்கலாம்.”

“ஆமா சார்” என்றார். மறுவாரம் பவுடர் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒரு புதிய பெண் இறங்கியபோது அவர் மறுபடியும் சுவரைப் பார்த்தார். தவற்றை ஒப்புக்கொண்ட பிறகும் மாறாத அந்தப் பிடிவாதத்தில் ஏதோ ஒரு கொடுமை இருப்பதாக எனக்கு அன்று பட்டது. இன்றும் அதை முழுவதும் மறுக்கமாட்டேன். இப்போது கூட்டத்தை நடத்துகிறவர்கள் மூன்றரை மணிக்குப் புதியவர்களுக்கு அரைமணி நேரப் பாடம் வைத்திருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டார்கள். நல்லது என்றேன், முழங்காலைக் காத்துக்கொள்வதையும் விழாமல் திரும்புவதையும் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும். பாடத்துக்கு வந்தவர்தான் இறங்கலாம் என்று மட்டும் விதி வைக்க வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். பேச்சை மாற்றிவிட்டேன்.

மணிக்கட்டு முறிந்த வாரமே நான் வீட்டில் பாடம் தொடங்கினேன். கைபேசியில் வெள்ளைக்காரர் ஒருவர் பன்னிரண்டு பகுதிகளாக இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். நான் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, மொட்டைமாடியில் சாக்பீஸால் பாதங்களை வரைந்தேன். இடம், வலம், எட்டு வரை எண்ணிக்கை. வாரத்துக்கு ஒரு பாடம். அவள் பொறுமையாகச் செய்தாள். கையை இன்னும் கொஞ்சம் உயர்த்து என்று நான் சொன்னால், முடிந்தவரை உயர்த்தினாள்.

“பேராசிரியரே, எத்தனாவது பாடத்துல சிரிக்கலாம்?” என்று ஒருநாள் கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதேனும் ஓர் எண்ணைச் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் தொடர்ந்து போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் அவளை ஒருமுறையும் அழைக்கவில்லை. என்னிடம் மட்டும், படியிறங்கும்போது ஒருநாள் கேட்டார்.

“அம்மா எப்ப எறங்குதாவ சார்?”

“பாடம் முடிந்ததும்.”

“எத்தன பாக்கி?”

“ஐந்து.”

“சரி சார்” என்றார்.

ஒன்பதாம் பாடத்தின்போது அவள் முதுகில் வலி என்று உட்கார்ந்தாள். மதுரையில் எடுத்த படங்களில் நோய் எலும்புக்குப் போயிருந்தது தெரிந்தது. பத்தாம் பாடம் நடக்கவில்லை. சித்திரைக்குப் பிறகு அவள் கட்டிலை விட்டு எழவில்லை.

அந்நாளில் அவர் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். நோயாளியிடம் சொல்லக்கூடிய சொற்கள் எதையும் அவர் சொல்லவில்லை. கட்டிலுக்கு மேலே சுற்றிய மின்விசிறிக்கு நேர் கீழே நின்று, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் கேட்டார். இயந்திர அறையின் இரைச்சலில் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்பதைக் காதால் கண்டுபிடித்தே முப்பது ஆண்டுகள் பிழைத்தவர். “பேரிங்கு போயிருச்சு” என்றார். கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்து, ஸ்டூலில் ஏறி மாற்றினார்.

“சத்தத்த எடுத்துட்டியளே. அது இல்லாம எனக்கு ஒறக்கம் வராதே” என்றாள் அவள்.

“பழசு பைலதான் இருக்கு. மாட்டிரவாம்மா?”

அவள் சிரித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் காபி போடப் போனேன்.

ஆடி மாதம் அவள் இறந்தாள்.

ஏழு மாதங்கள் நான் இராஜபாளையத்துக்குப் போகவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை பிற்பகல் போனேன். ஞாயிற்றுக்கிழமையின் மனிதர்களைக் காண விருப்பமில்லை. அவரிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது: உங்கள் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்பது. பேருந்தில் அதைப் பலமுறை திருத்திவைத்திருந்தேன். மாடியில் அவர் தனியாக உட்கார்ந்து தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். பன்னிரண்டு பாடங்களுக்காகக் காத்திருக்க வைத்து, அவளை ஒருநாள்கூட ஆடவிடாமல் செய்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் துணியை மடித்தார்.

“ஆடுனாவ சார்.”

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“தை மாசம். அன்னைக்கும் புதன்கிழமதான். நீங்க ஏதோ பரீட்சைக்கு மதுரைக்குப் போயிருந்தீயளாம். ஒத்தையில பஸ்ஸேறி வந்தாவ. ‘அண்ணாச்சி, மூணு பாட்டு போடுங்க’ன்னாவ. போட்டேன்.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“அவியதான் சொல்லக்கூடாதுன்னுட்டாவ. ‘அவருக்கு இன்னும் அஞ்சு பாடம் பாக்கி இருக்கு, முடிக்கட்டும். முடிச்ச பொறவு நானே கையப் பிடிச்சு எறக்குறேன்’ன்னாவ. இத்தன மாசமும் சொல்லுவமா வேண்டாமான்னு கெடந்தேன் சார்.”

தை மாதம் ஆய்வேடு ஒன்றின் வாய்மொழித் தேர்வுக்கு நான் மதுரைக்குப் போயிருந்தேன். அன்று இரவு வீடு திரும்பியபோது அவள் சீக்கிரம் படுத்துவிட்டிருந்தாள், களைப்பு என்றாள். மறுநாள் மாலை மொட்டைமாடியில் எட்டாம் பாடத்தைச் செய்தோம். அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

“எப்படி ஆடினாள்?” என்று கேட்டேன்.

“பாக்கல சார்.”

“அங்கே வேறு யாரும் இல்லையே.”

“புதுசா எறங்குறவியள நான் பாக்குறதில்லையே சார்.”

நான் குரலை உயர்த்தவில்லை என்றே நினைக்கிறேன். உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் அந்த இடத்தில் இருந்தீர்கள் என்றேன். அவள் ஆடியதைக் கண்டவர் ஒருவரும் இல்லாமல் போய்விட்டதே என்றேன். பிறகு, தம் வாழ்நாளில் எவர் ஆட்டத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாத அந்த மனிதர், மெதுவாகப் பேசத் தொடங்கினார்.

“மொதப் பாட்டுல ஒங்க பாடம் சார். எட்டு எட்டா எண்ணி வச்சாவ. பலகையில ஒவ்வொரு அடியும் தனித்தனியாக் கேட்டுச்சு. ஒண்ணுகூடப் பெசகல. ரெண்டாவது பாட்டுல செத்த நேரம் சத்தமே இல்ல. மயக்கம் வந்துட்டோன்னு பயந்தேன். ஏற்கனவே ஒருத்தர விழ விட்டவன்தான நான். திரும்பவான்னு இருந்துச்சு. திரும்பல. பொறவு மெட்டிச் சத்தம் வந்துச்சு. அதுல கணக்கு இல்ல. பாட்டுக்குப் பின்னால போவுது, முன்னால போவுது, அவிய இஷ்டத்துக்கு. அந்தக் கடைசி ஜன்னல் வரைக்கும் போயிட்டு வந்தாவ.”

“மூன்றாவது?”

“கூடவே பாடுனாவ. வார்த்தை தெரியாதுல்லா, ராகத்த மட்டும். அந்தப் பாட்டுல ஒரு எடத்துல பொம்பளை ஒருத்தி உச்சிக்குப் போவா. அவியளும் போனாவ. எட்டல. சிரிச்சுக்கிட்டு மறுபடியும் போனாவ. அம்புட்டுத்தான் சார் எனக்குத் தெரியும். தண்ணி குடிச்சாவ. அஞ்சர பஸ்ஸுக்குப் போயிட்டாவ.”

எந்த மூன்று தட்டுகள் என்று கேட்டேன். அலமாரியில் தேடாமல் எடுத்தார். அவை மூன்றும் ஒன்றாகவே இருந்தன. அவற்றைப் போடச் சொன்னேன். முதல் தட்டில் ஊசியை வைத்துவிட்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் தளத்தில் இறங்கினேன். எட்டு வரை எண்ணத் தொடங்கினேன். முதல் பாட்டு முழுவதும் எண்ணினேன். இரண்டாவதில் பாதிவரை எண்ணினேன். மூன்றாவது பாட்டில் அந்தப் பெண்குரல் மேலே ஏறிய இடத்தில் நின்றுவிட்டேன். அது அவ்வளவு உயரம் என்று நான் எண்ணியிருக்கவில்லை. குரல் இறங்கிய பிறகு மறுபடியும் காலை எடுத்துவைத்தேன்.

தட்டு முடிந்து ஊசி வெறுமனே உரசும் ஓசை கேட்டது. அவர் திரும்பினார். கடைசி ஜன்னலருகே நின்றிருந்த என்னைச் சற்று நேரம் பார்த்தார். தண்ணீர் குடிக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஊசியைத் தூக்கி, அதே தட்டின் தொடக்கத்தில் மறுபடியும் வைத்துவிட்டு, மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.